ஓடவைத்தல் ஒன்றே பயிற்சியாகுமா?

திருகோணமலையில் வலய மட்டப் போட்டிகள் அண்மிவிட்டன என்பதை அறிவதற்கு அறிவித்தற் பலகையை நாட வேண்டுவதில்லை. மாலை வேளையில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தால் இறங்கி, ஏதேனும் ஒரு பாடசாலை மைதானத்தின் வேலியோரமாக நடந்து சென்றாற் போதும். கூடைப்பந்து அணியையும் வலைப்பந்து அணியையும் சேர்ந்த பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பர். பந்து ஒரு மூலையிற் கிடக்கும். பொறுப்பாசிரியர், "இன்னும் ஐந்து சுற்று" என்பார். அந்த ஐந்து சுற்றும் முடிந்தபின் பந்தை எடுப்பதற்கு வானில் ஒளியும் இராது. பிள்ளைகளிடத்து வலுவும் இராது. மறுநாளும் இதுவே நிகழும்.

இக்காட்சியைக் குறித்துத் தமிழ் கற்பிக்கும் ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். நமது பாடசாலைகளின் நிலையை அறிந்தோர் நகையார். உடற்கல்விக்கெனப் பயிற்றப்பெற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில் அணிப் பொறுப்பு யாரிடம் வந்து சேரும்? மறுத்துரைக்கத் தெரியாதவரிடமே வந்து சேரும். அவ்வாறு நன்னூலை மேசைமேல் வைத்துவிட்டுச் சில ஆண்டுகள் மைதானத்தில் நின்றவன் நான். அக்காலத்திற் செய்த பிழைகளும் பின்னர்க் கற்றுத் தெளிந்த செய்திகளும் சில உள. அவற்றை என்போன்ற பொறுப்பாசிரியர்க்கும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்க்கும் எடுத்துரைத்தல் கடனென்று கருதுகின்றேன்.

பந்தாட்டம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே கந்துகவரி உண்டு, கந்துகமாவது பந்து. பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என ஒரு பகுதியே அமைந்துள்ளது. அம்மகளிராட்டம் வேறு, இன்றைய கூடைப்பந்து வேறு எனினும், பந்தோடு ஆடுவார்க்கு வேண்டுவது கண்ணும் கையும் காலும் ஒருங்கியையும் திறன் என்பதில் இரண்டும் ஒன்றே. இன்றைய கூடைப்பந்தை 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், கிறித்துவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்தார். பீச்சம்பழக் கூடைகள் இரண்டினை 10 அடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். வெளியே சென்று ஆடமுடியாத பனிக்காலத்தில் ஒரு மண்டபத்தினுள்ளே ஆடுதற்கென அமைந்த ஆட்டம் அது. சிற்றிடத்து ஆட்டம் என்னும் இவ்வியல்பைப் பயிற்றுவோர் மறத்தலாகாது. நம் பெண் பிள்ளைகள் பெரிதும் ஆடும் வலைப்பந்தும் அதன் வழித்தோன்றலே. ஆகவே ஈண்டுக் கூறுவன பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆட்டம் வேண்டுவது யாது?

எவ்வகைப் பயிற்சி நன்று என ஆராயுமுன் ஆட்டம் உடலினிடத்து எதனை வேண்டுகின்றது என ஆராய்தல் முறை. கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீற்றர்; அகலம் 15 மீற்றர். எத்துணை விரைவுடையோனாயினும் நீளவாக்கில் 28 மீற்றருக்கு மேல் ஓடுவதற்கு அங்கு இடமில்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய மட்ட ஆட்டக்காரர் எண்மரை ஆய்வாளர் சிலர் ஆட்டத்தின் நடுவே கூர்ந்து நோக்கி, 1995 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் ஆட்டத்தில் ஒருவருடைய இயக்கம் சராசரியாக ஏறத்தாழ 1000 முறை மாறுகின்றது. அதாவது இரண்டு செக்கனுக்கு ஒரு முறை. நடந்தவர் ஓடுகின்றார், ஓடியவர் நிற்கின்றார், நின்றவர் துள்ளுகின்றார், துள்ளியவர் பக்கவாட்டில் நகர்கின்றார். மிகு வேக ஓட்டங்கள் ஏறத்தாழ 105 நிகழ்ந்தன. ஆடும் நேரத்தைக் கொண்டு வகுத்தால் 21 செக்கனுக்கு ஒன்றாகும்.

இவ்வெண்களை ஒரு கணம் சிந்திப்போம். ஒரே வேகத்தில், ஒரே திசையில், பத்து நிமிடம் ஓடும் செயல் இவ்வாட்டத்தில் எங்கே உளது? எங்குமில்லை. உளதாவது பாய்தலும் நிற்றலும், திரும்பலும் துள்ளலும், இளைப்பாறுமுன் மீண்டும் பாய்தலுமே. ஆயின் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தற்கு மூச்சின் வலிமையும் இன்றியமையாதது. மூச்சை வளர்த்தலும் வேண்டும். அதனை ஆட்டத்துக்குரிய வகையில் வளர்த்தலும் வேண்டும். பயிற்சி முறைகளை ஒப்பிடுவார் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளாகக் கொள்க.

முறைகள் பல

உலகில் வழங்கும் உடற்றகுதிப் பயிற்சி முறைகளுள் நம் பிள்ளைகளுக்கு அண்மையன சிலவற்றை நோக்குவோம்.

முதலாவது நெடுந்தூர ஓட்டம். நியூசிலாந்தின் ஆதர் லிடியாட் தம் ஓட்டக்காரரை வாரந்தோறும் ஏறத்தாழ 100 மைல் ஓடவைத்தார். 1960 ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் விழாவில் அவர் மாணாக்கருள் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறி ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளிற் பொற்பதக்கம் பெற்றனர். அதனால் நெடுந்தூர ஓட்டத்தின் புகழ் உலகெங்கும் பரந்தது. அப்புகழ் தகுதியானதே. ஆயினும் லிடியாட் பயிற்றியது ஓட்டக்காரரை. பயிற்றிய காலம் பல மாதங்கள், பல ஆண்டுகள். கூடைப்பந்துப் பிள்ளையைப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களில் வட்டமிடச் செய்வோர் லிடியாட்டின் நிழலையும் தொட்டாரல்லர்.

இரண்டாவது இடைவேளைப் பயிற்சி. ஜேர்மனியில் வொல்டெமார் கெர்ஷ்லர் என்னும் பயிற்றுநரும் ரைண்டெல் என்னும் மருத்துவரும் 1930களில் இதனை ஒழுங்குபடுத்தினர். குறுந்தூரத்தை விரைந்து ஓடி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயர்ந்தபின் ஓய்ந்து, அது 120 அளவுக்குத் தணிந்ததும் மீண்டும் ஓடுதல் அவர்தம் முறை. கெர்ஷ்லரிடம் பயின்ற றுடொல்ப் ஹார்பிக் 1939 இல் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி உலகை வியப்பிலாழ்த்தினார். யப்பானில் இசுமி தபாத்தாவும் அவர் துணைவரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இதன் கடுமை மிக்க வடிவமாகும். 20 செக்கன் உச்ச முயற்சி, 10 செக்கன் ஓய்வு என ஏழெட்டு முறை, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். மற்றொரு கூட்டத்தார் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மிதமாக உழைத்தனர். மூச்சின் வலிமை இரு திறத்தார்க்கும் உயர்ந்தது. குறுகிய கடும் முயற்சிக்குரிய ஆற்றலோ கடும்பயிற்சியாளர்க்கு மட்டும் 28 வீதம் உயர்ந்தது. நேரம் குறைவு, பயன் மிகுதி என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அவ்வாய்வுக்கு உட்பட்டோர் வளர்ந்த இளைஞர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றுப் பயிற்சி. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், அடம்சன் என்னும் இருவர் 1953 இல் இதனை வகுத்தனர். குந்தியெழுதல், தண்டால், படியேறல் முதலாய பயிற்சிகளைப் பல நிலையங்களாக வட்டத்தில் அமைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாமதமின்றிச் செல்லச் செய்வர். கருவி வேண்டாம், பெரிய இடம் வேண்டாம், முப்பது பிள்ளைகள் ஒருங்கே பயிலலாம். நம் பாடசாலைகளின் வறுமைக்கு இதனினும் ஏற்ற முறை அரிது.

நான்காவது துள்ளற் பயிற்சி. சோவியத் நாட்டில் யூரி வெர்கொஷான்ஸ்கி 1960களில் வளர்த்த முறையினின்று கிளைத்தது. உயரத்திலிருந்து குதித்து, நிலந்தொட்ட கணமே மேலெழும்பும் அம்முறை முதிர்ந்த வீரர்க்குரிய கடும் மருந்து. அதனைப் படம் பார்த்துப் பிள்ளைகளுக்குப் புகட்டுதல் தகாது.

ஐந்தாவது சிற்றணி ஆட்டம். இருவர்க்கு இருவராகவோ மூவர்க்கு மூவராகவோ பிரிந்து, அரை ஆடுகளத்தில், வரையறுத்த சில நிமிடங்கள் இடைவிடாது ஆடி, சிறிது ஓய்ந்து, மீண்டும் ஆடுதல். ஓட்டமும் துள்ளலும் பந்தும் எதிரியும் சேர்ந்தே இருக்கும். தெருவிலே பிள்ளைகள் தாமாக ஆடுவதும் ஏறத்தாழ இதுவே. அதனாற்போலும், 'இது விளையாட்டு. பயிற்சியன்று' எனப் பெரியோர் பலர் இதனை எளிதாக எண்ணிவிட்டனர்.

தராசின் முடிவு

இவ்வெண்ணம் சரியா எனச் சோதித்தவர்கள் உளர். 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் டெலெக்ஸ்ட்ராட், மார்ட்டினெஸ் என்னும் இருவர், 17 வயதுக்குட்பட்ட கூடைப்பந்து ஆட்டக்காரர் 18 பேரை இரு கூட்டமாக வகுத்தனர். ஒரு கூட்டம் 15 செக்கன் ஓட்டமும் 15 செக்கன் ஓய்வுமாக இடைவேளைப் பயிற்சி செய்தது. மறு கூட்டம் இருவர்க்கு இருவராகச் சிற்றணி ஆட்டம் ஆடியது. ஆறு வாரத்தின் பின் அளந்தபோது மூச்சுத் தகுதியில் முன்னது 3.4 வீதமும் பின்னது 4.1 வீதமும் உயர்ந்திருந்தன, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் தடுத்தாடும் சுறுசுறுப்பும் பந்தைக் கூடையிலிடும் திறனும் சிற்றணியாடியோர்க்கு வளர்ந்திருந்தன. ஓட்டம் மட்டும் ஓடியோர்க்கு வளரவில்லை. இளம் உதைபந்தாட்டக்காரர் 40 பேரைக் கொண்டு இத்தாலியில் இம்பெலிசேரி முதலியோர் செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்விலும், மூச்சை வளர்ப்பதில் ஓட்டமும் சிற்றணி ஆட்டமும் சமமென்றே கண்டனர்.

பதினெட்டுப் பேரைக் கொண்டு உலகத்தை அளக்கலாமா என்று வினவுவார்க்கு, அளக்கலாகாது என்பதே விடை. எனினும் முடிவு நம் அறிவுக்கும் ஒத்ததாகவே உளது. இரு வழியும் ஒரே ஊருக்குச் செல்லுமாயின், இடையிலே கனிமரம் நிற்கும் வழியால் அன்றோ செல்லுதல் வேண்டும்? என் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுகின்றேன். புணர்ச்சி விதிகளை மனனஞ் செய்த மாணவன் அவற்றைப் பிழையின்றி ஒப்புவிப்பான். கட்டுரை எழுதும்போதோ அவ்விதிகளை மறந்து இடறுவான். விதியை வாக்கியத்தினுள் வைத்துப் பயின்றவனுக்கு விதியும் நிற்கும், வாக்கியமும் அமையும். இதனால் மனனம் வீணென்பது என் கருத்தன்று. மனனஞ் செய்தே வளர்ந்தவன் நான். மனனத்தோடு நின்றுவிடுதலே வீண். அவ்வாறே வெறும் ஓட்டமும் வீணன்று. அதனோடு நின்றுவிடுதலே வீண்.

சிற்றணி ஆட்டத்துக்கும் குறைகள் உண்டு. ஐவர்க்கு ஐவராக ஆடும்போது தளர்ந்த பிள்ளை வல்லவர் பின்னே ஒளிந்துகொள்ளும். ஆசிரியர் கண்ணுக்குப் புலப்படாது. ஆகையாற்றான் இருவர் மூவர் என்று சுருக்குதல் வேண்டும். இருவருள் ஒருவர் ஒளிந்துகொள்ள இடமில்லை. பந்தைத் தட்டிச் செல்லலாகாது, கையினின்றும் கைக்கு வழங்கியே முன்னேற வேண்டும் என ஒரு விதி சேர்த்தால் எல்லோரும் ஓடியே தீர்வர். உழைப்பின் அளவை அறிய இயலாதென்பது மற்றொரு குறை. அதற்கு மாதமொருமுறை 20 மீற்றர்த் திரும்போட்டச் சோதனை போதும். கனடாவின் லெஜே என்பார் 1982 இல் அறிமுகஞ் செய்த இச்சோதனைக்கு இரண்டு கோடுகளும் ஒலிப்பதிவொன்றுமே வேண்டும். பிள்ளை எத்தனையாவது படிவரை தாங்கிற்று எனக் குறித்து வைத்தால் வளர்ச்சியும் தளர்ச்சியும் தாமே தோன்றும்.

இனி, முறையைத் தெரிந்தாற் போதாது. யாருக்கு, எப்போது, எங்கே என்பவற்றையும் தெரிதல் வேண்டும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு வகுத்த அவ்வொழுங்கு ஆசிரியர்க்கும் பொருந்தும்.

வலியறிதல்

ஒரே வகுப்பில், ஒரே வயதினராய் இருக்கும் இரு பிள்ளைகளின் உடல் வளர்ச்சி நான்கைந்து ஆண்டு வேறுபட்டிருத்தல் கூடும். உயரம் மிக விரைந்து கூடும் பருவம் பெண்களுக்குப் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்களுக்குப் பதினான்கு வயதளவிலும் வருகின்றது. அப்பருவத்தில் எலும்பு முந்தி வளரும். தசையும் நாரும் பிந்தி வரும். ஆகவே உயர்ந்த பிள்ளை வலிய பிள்ளையென்று எண்ணுதல் பிழை.

அப்பிழையை நான் செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன், பாடசாலையொன்றில் நான் பொறுப்பாயிருந்த அணியிற் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவ்வாண்டிலே திடீரென உயர்ந்தவன். கூடையின் கீழ் அவனையே நம்பியிருந்தோம். போட்டிக்கு முந்திய வாரத்தில், "சேர், முழங்காலுக்குக் கீழே நோகுது" என்றான். ஓட்டத்துக்கு அஞ்சிக் கூறும் பொய்யென்று கருதி, மற்றையோரினும் இரண்டு சுற்று மிகுதியாக ஓடவைத்தேன். அவன் மறுத்துரைக்கவில்லை. ஓடி முடித்தான். மறுநாள் வரவில்லை, அதன்பின் எந்நாளும் பயிற்சிக்கு வரவில்லை. பின்னொருகால் மருத்துவர் ஒருவரோடு உரையாடியபோதுதான் அந்நோவுக்கு ஒரு பெயருண்டென்பதை அறிந்தேன். 1903 ஆம் ஆண்டிலேயே பொஸ்ரன் நகரத்து ஒஸ்குட் என்பாரும் சூரிச் நகரத்து ஷ்லாற்றர் என்பாரும் தனித்தனியே எழுதி வைத்த நோய் அது. வளரும் பருவத்துப் பிள்ளைகள் மிகுதியாக ஓடியும் துள்ளியும் முழங்காற் சிரட்டைக்குக் கீழுள்ள எலும்புமுனையை வருத்துதலால் வருவது; பளுவைக் குறைத்தால் பெரும்பாலும் காலப்போக்கில் தணிவது. ஒரு வினாவும் சில நாள் ஓய்வும் போதுமாயிருந்த இடத்தில் நான் தண்டனை வழங்கினேன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் முதல் வேண்டுகோள் இது: ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். பிந்தி வந்தவனுக்குக் குறளை நூறு முறை எழுதும் தண்டனை கொடுத்தால் அவன் குறளை வெறுப்பான். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் ஓட்டத்தை வெறுப்பான். ஓட்டம் மனவுறுதியை வளர்க்கும் என்பர். தானே விரும்பி ஓடும் ஓட்டம் வளர்க்கும். அச்சத்தால் ஓடும் ஓட்டம் கற்பிப்பது எப்போது நிறுத்தலாமென்பதை மட்டுமே.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு கவனமும் வேண்டும். துள்ளி நிலத்தில் இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாகச் சாய்ந்தால், மூட்டினுள்ளே எலும்புகளைப் பிணிக்கும் நார் அறுதல் கூடும். இக்காயம் ஆண்களினும் பெண்களுக்குப் பல மடங்கு மிகுதி. அமெரிக்காவின் சிகாகோ நகர அரசாங்கப் பாடசாலைகளில், கூடைப்பந்தும் உதைபந்தும் ஆடிய மாணவியர்க்கு ஆட்டத்துக்கு முன் ஏறத்தாழ 20 நிமிடம் துள்ளி இறங்கும் முறையையும் உறுதிப் பயிற்சிகளையும் பயிற்றுநர் வாயிலாகப் பழக்கினர். பிறர் மோதாமலே கால்களில் திடீரென நிகழும் காயங்கள் பாதிக்கு மேற் குறைந்தன என்று 2011 இல் அறிவித்தனர். அவர்கள் பயன்படுத்தியது விலையுயர்ந்த கருவியன்று; பயிற்றுநரின் கண்ணே. மெல்ல இறங்கு, ஓசையின்றி இறங்கு, முழங்கால் விரலுக்கு நேரே நிற்கட்டும் என்னும் மூன்று கட்டளைகளை எந்த ஆசிரியரும் கூறலாம். 2018 இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தை நம் சிறுமியர் நன்கறிவர். அவருடைய உயரத்தை யாரும் கற்பிக்க முடியாது. துள்ளி ஏந்திய பந்தோடு பாதுகாப்பாக நிலத்தில் இறங்கும் கலையை எல்லோருக்கும் கற்பிக்கலாம்.

காலமறிதல்

நம்மிடையே பயிற்சி தொடங்குவது சுற்றறிக்கை வந்தபின். கோட்ட மட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அணியைத் தெரிந்து, பதினான்கு நாளும் ஓய்வின்றி வருத்துகின்றோம். உடல் வலுப்பெறுவது உழைக்கும்போதன்று; உழைத்தபின் ஓயும்போது. தபாத்தாவின் ஆய்வும் கூடைப்பந்து ஆய்வும் ஆறு வாரத்துக்குக் குறையாதன என்பதை நோக்குக. இரண்டு வாரத்தில் விளைவது தகுதியன்று, களைப்பும் காயமுமே. முதலாந் தவணையிலேயே வாரத்தில் மூன்று மாலை எனத் தொடங்கினால், போட்டிக்கு முந்திய வாரத்திற் குறைத்து ஓய்வளிக்கலாம்.

நாளின் வேளையும் கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையின் வெயில் மூன்று மணிக்கும் தணிவதில்லை. சீமெந்து ஆடுகளம் அடுப்புக்கல்லாய்ச் சுடும். அவ்வேளையில் நெடுநேரம் ஓடவைத்தல் உயிருக்கே ஊறு பயத்தல் கூடும். புதிதாகப் பயில வருவோர் உடல் வெப்பத்துக்குப் பழகுதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். 'தண்ணீர் குடித்தால் இளைக்கும்' என்னும் பழைய கூற்றை இன்றோடு விட்டொழிப்போம். கால் மணிக்கொருமுறை நிழலும் நீரும் கொடுத்தல் ஆசிரியர் கடன்.

இன்னொரு காலமும் உண்டு. அது தனியார் வகுப்புக் காலம். சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தலே அரிது. பெற்றோர் அதனை மனமின்றியே தருகின்றனர். அந்த அரிய நேரத்திற் பாதியை வட்டமிடுதலிற் கழித்தல் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இழைக்கும் அநீதியன்றோ? மூச்சையும் திறனையும் ஒருங்கே வளர்க்கும் முறையை நாடுதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமோ?

இடனறிதல்

நம் ஊருக்கு இயற்கை இரண்டு பயிற்சிக்களங்களை இலவசமாக அளித்துள்ளது. ஒன்று ஓர்ஸ் ஹில் ஏற்றம். மற்றொன்று கடற்கரை மணல். லிடியாட் தம் மாணாக்கரை நெடுந்தூரம் ஓடவைத்ததோடு நில்லாது, குன்றேறியும் பயிலச் செய்தார். அவுஸ்திரேலியாவின் பேர்சி செருட்டி, போட்சீ என்னும் கடலோர ஊரின் மணற்குன்றுகளில் ஹெர்ப் எலியட்டைப் பயிற்றினார். அவரும் 1960 உரோமாபுரி விழாவில் 1500 மீற்றரிலே பொற்பதக்கம் பெற்றார்.

ஏற்றத்தில் ஓடும்போது வேகம் குறையும், கால் நிலத்தில் மோதும் விசையும் குறையும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உழைப்பு மிகும். கூடைப்பந்துக்கு வேண்டிய பாய்ச்சல் வலு இதனால் வளரும். ஆனால் 10 அல்லது 15 செக்கன் ஏறி, நடந்தே இறங்குதல் வேண்டும். ஓடி இறங்குவதே முழங்காலைத் தாக்குவது. ஆறு முறை போதும். வாகனம் செல்லும் வீதியாதலின், போக்குவரத்து இல்லாத காலை வேளையும் ஆசிரியர் துணையும் இன்றியமையாதன. மணலில் ஓடுதற்குக் கெட்டி நிலத்தில் ஓடுதலினும் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகுமென 1998 இல் பெல்ஜிய ஆய்வாளர் கண்டனர். ஆகவே மணலில் அளவு பாதியாகட்டும்; குதிநார் நோவுடையோர் அங்கே ஓடாதிருக்கட்டும். இவ்விரண்டும் உணவில் உப்புப்போல. சோறு ஆடுகளத்திலேயே உளது.

ஆடுகளம் ஒன்றே, அணிகளோ பல என்பது நம் பாடசாலைகளின் பொதுக்குறை. சிற்றணி ஆட்டம் இதற்கும் மருந்தாகும். அரை ஆடுகளமே அதற்குப் போதும். ஒரு களத்தில் இரண்டு ஆட்டம் நிகழலாம். மூவர்க்கு மூவர் ஆட்டம் 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே முதன்முதலாக இடம்பெற்றுவிட்டது. பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி என்பது அதன் அளவு. தெருவாட்டமென்று இகழப்பட்டது அரியணை ஏறியதை நாமும் அறிந்துகொள்வோம்.

ஒரு மாலைக்கு ஒழுங்கு

கூறியவற்றைத் தொகுத்து, 50 நிமிடத்துக்கு ஓர் ஒழுங்கைச் சொல்லி முடிக்கின்றேன். முதற் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றலும், ஓசையின்றித் துள்ளி இறங்கலும், ஒற்றைக்காலில் நிற்றலும். அடுத்த 22 நிமிடம் சிற்றணி ஆட்டம்: நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு என நான்கு முறை. உடலளவால் ஒத்தோரை ஒத்தோரோடு இணைத்தல் வேண்டும். அதன்பின் நீர். அடுத்த எட்டு நிமிடம் ஒரு நாள் சுற்றுப் பயிற்சி, ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் ஒன்றுமில்லை. எஞ்சிய நேரத்தில் களைத்த கையால் பந்தைக் கூடையிலிடும் பயிற்சி. ஆட்டத்தின் இறுதி நிமிடத்திற் கை அவ்வாறுதான் களைத்திருக்கும். வாரத்தில் மூன்று மாலை போதும். நோவென்று கூறும் பிள்ளையை அன்று இருத்துக. மறுநாளும் நோவெனில் மருத்துவரிடம் அனுப்புக.

இவ்வொழுங்கை உடற்கல்வி வல்லுநர் திருத்தலாம்; திருத்தினால் மகிழ்வேன். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பாடசாலை விளையாட்டின் பயன் கிண்ணம் மட்டுமன்று. பத்தாண்டு கழிந்தபின்னும், பணிக்குச் சென்று மீளும் மாலையில், பந்தொன்றைக் கண்டால் கையில் எடுக்க விரும்பும் மனிதனை ஆக்குதலே அதன் பயன். நான் ஓடவைத்த அந்தப் பையனுக்கு அப்பயனை நான் அளிக்கவில்லை. உங்கள் மைதானத்தில் அவனைப்போல் ஒருவன் இன்று நிற்கக்கூடும். நாளை மாலை மூலையிற் கிடக்கும் பந்தை எடுத்து முதலில் அவன் கையிற் கொடுங்கள். பந்துக்காக அவன் ஓடுவான். நாம் ஓடவைக்க வேண்டியதில்லை.